விதைக்கரும்பு வெட்டுறதுக்கு முன்னால வெள்ளை இலை இருக்கான்னு பாருங்க

நம்ம மலைநாட்டுல கரும்புன்னா தைப்பொங்கலுக்கு வாங்குற ஒரு ஜோடிதான் ஞாபகம் வரும், ஆனா எல்ல றோட்டுல இறங்கி வெல்லவாய தாண்டினா புத்தல, பெல்வத்தைன்னு கரும்புதான். எங்க மாமா பண்டாரவளைப் பக்கம் தோட்ட வேலைய விட்டுட்டு அங்க ரெண்டு ஏக்கர் போட்டாரு. பக்கத்துக் காணிக்காரர் சும்மா தந்த கரும்ப ஒரு லொறி ஏத்திட்டு வந்து நட்டாரு, முதல் வெட்டு நல்லாத்தான் வந்துச்சு, மறுதாம்புல, அதாவது வெட்டின அடியில இருந்து திரும்ப முளைக்கிற பயிர்ல பார்த்தா அங்கங்க தூர் தூரா வெள்ளையா நிக்குது.

நான் போய் ஒரு தூர் பிடுங்கிப் பார்த்தேன். இலை முழுக்க கொப்பித் தாள் மாதிரி வெள்ளை, தொட்டா மெத்துன்னு இருக்கு, ஒரே அடியில புல்லு மாதிரி ஏகப்பட்ட மெல்லிசுப் பக்கக்கிளை, வெட்டுற மாதிரி கரும்பு ஒண்ணுகூட இல்ல. இதுதான் வெள்ளை இலை நோய். பைட்டோபிளாஸ்மான்னு ஒரு நுண்ணுயிர் செடியோட சத்து ஓடுற குழாய்க்குள்ள இருந்துக்கிட்டு செய்யிற வேலை. தத்துப்பூச்சியும் பரப்பும், ஆனா தூரத்துக்குக் கொண்டுபோறது நடுறதுக்குன்னு நாம ஏத்துற விதைக்கரும்புதான். மருந்தடிச்சு குணமாக்க வழியில்ல, அதனால நடமுன்னமே பார்க்கணும்.

எப்படிப் பார்க்குறதுன்னா, விதை எடுக்கப்போற காணிக்குள்ள வெட்டுறதுக்கு முன்னால வரிசை வரிசையா நடங்க, ஓரத்துல நின்னு பார்த்துட்டு வந்துடாதீங்க. வெளுத்ததெல்லாம் இந்த நோய் இல்ல. இரும்புச்சத்து குறைஞ்சாலும் வெளுக்கும், ஆனா அதுல நரம்பு பச்சையா நிக்கும், நடுவுல மட்டும் கோடு கோடா வெளுக்கும், ஒரு திட்டா இருக்கும், அன்னபேதின்னு சொல்ற இரும்பு உப்பைக் கரைச்சு அடிச்சா பச்சை திரும்பும். நோய்ன்னா திரும்பாது, நல்ல தூருக்குப் பக்கத்துலயே தனியா ஒண்ணு வெள்ளையா நிக்கும். அதோட கறுப்புச் சாட்டை மாதிரி குருத்து நீண்டு வந்திருந்தா அது கரிப்பூட்டைன்னு வேற ஒரு நோய், அந்தக் காணியிலயும் விதை எடுக்காதீங்க.

கஷ்டம் என்னன்னா நோய் உள்ள இருந்தும் முதல் பயிர்ல காட்டாம இருக்கலாம். பச்சையா இருக்குன்னு நம்பித்தான் மாமா ஏமாந்தாரு. அதனால ஓசியில கிடைச்சாலும் தெரியாத காணிக் கரும்ப எடுக்காதீங்க, விதைக்குன்னே வளர்த்த நாத்துமேடையில இருந்து வாங்குங்க. தேயிலையில தவறணையில, அதாவது நாத்துப் பண்ணையில கன்று வாங்குறோமே, அதே கதைதான். தேயிலைக்குத் தலவாக்கலை மாதிரி கரும்புக்கு உடவளவையில ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1981 சட்டத்துல உருவானது. எஸ்.எல். 83 06, எஸ்.எல். 96 128னு பேர் உள்ள இனங்கள் அவங்க எடுத்தது, பழைய கோ 775ல உள்ள 'கோ' கோயம்புத்தூர். நிலையத்து ஆளுங்களையோ ஆலையோட கரும்பு அதிகாரியையோ பிடிச்சு உங்க மண்ணுக்கும் தண்ணி வசதிக்கும் எந்த இனம்னு கேளுங்க, கேட்க வெட்கப்படாதீங்க. சந்தேகமான தூர் இருந்தா முழுத் தூரும் தெரியிற மாதிரி ஒரு படம், இலை கிட்டத்துல ஒரு படம் எடுத்து வைங்க, எந்த மாசம் நட்டது, விதை எங்க எடுத்ததுங்கிறதையும் எழுதி வைங்க, அவங்க முதல்ல அதத்தான் கேட்பாங்க.

நாத்துமேடைக்குப் போற கரணைய, அதாவது நடுறதுக்கு வெட்டின கரும்புத் துண்ட சுடுதண்ணியில போட்டு எடுப்பாங்க, மறுதாம்பு குட்டை நோய்க்கு 50 டிகிரியில 2 மணித்தியாலம்னு கணக்கு. வெள்ளை இலையையும் அது குறைக்கும், சுத்தமா எடுக்காது. வீட்டு அண்டாவுல முயற்சி பண்ணாதீங்க, சூடு கொஞ்சம் ஏறினா கரணையில முளைக்கிற கண்ணு வெந்துடும்.

வெட்டுறப்போ 7, 8 மாசக் கரும்பா எடுத்து மூணு கண்ணுக் கரணையா வெட்டுங்க. ஒரு கட்டு முடிஞ்சதும் கத்திய பத்துக்கு ஒண்ணு கலந்த ப்ளீச் தண்ணியில முக்குங்க, சில நோய் கத்தியிலயே தொத்தும். கரும்ப மூடியிருக்கிற காஞ்ச சோகைய நடுற இடத்துல வந்து கையால உரிங்க, முன்னமே உரிச்சா லொறியில கண்ணு நசுங்கிடும்.

நட்டபிறகு வெள்ளைத் தூர் ஒண்ணு கண்டாலும் அன்னைக்கே வேரோட கிண்டி எடுத்து எரிச்சுடுங்க, மேல மட்டும் வெட்டிவிட்டா அடியில இருந்து மறுபடி வரும். அந்த இடைவெளிய நிரப்ப அதே காணிக் கரும்ப வெட்டி நடாதீங்க, மாமா அதத்தான் செஞ்சாரு, அடுத்த வருஷம் அந்தப் புதுத் தூரும் வெளுத்துடுச்சு.