பத்து மார்க் விடை நடையிலிருந்து மீண்ட கதை

கல்லூரியில் ஒரு பாடத்துக்காக வாரம் ஒரு கட்டுரை, ஊரே படிக்கும்படி இணையத்தில் எழுத வேண்டியிருந்தது. முதலில் சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாய் பற்றி. முன்னுரை, முடிவுரையெல்லாம் வைத்துப் பத்து மார்க் விடைபோல எழுதினேன். படித்த தோழிக்குக் கொட்டாவி வந்தது.

அதைவிட மோசம், கால்வாய் முழுவதும் 1877-78 பஞ்சத்தில் வெட்டியது என்று அடித்துவிட்டிருந்தேன். மந்தைவெளிப் பெரியவர் ஒருவர், "தம்பி, எண்ணூர் வரைக்கும் 1806-லேயே கால்வாய் இருந்ததே?" என்று எழுதினார். தேடினால், அவர் சொன்னதுதான் சரி. பஞ்ச நிவாரணமாக வெட்டியது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு.

இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை, அவ்வளவு வெட்கம். அப்புறம் தப்பை மறைக்காமல், திருத்தத்தைக் கட்டுரையின் தலையிலேயே போட்டேன். அடுத்ததை எழுதும்போது ஆசிரியரை மறந்து, அந்தப் பெரியவரையே எதிரில் உட்கார வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஆண்டுக்கும் "எங்கே படிச்சீங்க?" என்று அவர் கேட்பதாக நினைப்பு. முன்னுரையை வெட்டி, அதே கால்வாயை ஒட்டிய திருமயிலை ரயில் நிலையத்தில் மூக்கைத் துளைக்கும் நாற்றத்திலிருந்து தொடங்கினேன். சத்தமாக வாசித்து, மூச்சு முட்டிய வாக்கியங்களை உடைத்தேன். (மார்க் கூடவில்லை, அது வேறு கதை.)

பெரியவர் மறுபடி எழுதினார்: "இப்போ சரி. படகுல விறகு வந்ததை விட்டுட்டீங்களே தம்பி?"