'ஃபார்மட் ஆல்' அமுக்கும் முன்: ஃபிளாஷ் டூலில் தொழில் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கடைக்கு வேலை பழக ஒரு பையன் வந்தான். ஐடிஐ முடித்தவன், சால்டரிங் கை நன்றாக ஓடும். இரண்டாவது நாள், லோகோவிலேயே நின்றுபோன, மீடியாடெக் சிப் போட்ட ஒரு போனை அவனிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், எஸ்பி ஃபிளாஷ் டூலில் (கம்ப்யூட்டரிலிருந்து போனின் மென்பொருளான ஃபர்ம்வேரை எழுதும் புரோகிராம்) 'ஃபார்மட் ஆல் பிளஸ் டவுன்லோட்' என்று வைத்து, டவுன்லோட் பட்டனையும் அமுக்கிவிட்டு, கேபிளைப் போனில் செருகப் போகிறான். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "வீடியோவுல எல்லாரும் இப்படித்தானுங்ணா பண்றாங்க" என்றான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பாலக்காட்டு எல்லையோரம் இதே கொழிஞ்சாம்பாறையில் கடை போட்ட புதிதில் நான் செய்ததும் அதுதான். அதனால்தான் எழுதுகிறேன். டிரைவர் போட மறப்பது, பழுதான கேபிள் இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். அப்போது வேலையே நடக்காது, உடனே தெரிந்துவிடும். டூல் ஒன்றும் சொல்லாமல், நாம் சொன்னதை அப்படியே செய்து முடித்து, பச்சை டிக் காட்டும் தவறுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

பெட்டியில் உள்ள பெயரை நம்புவது

ரெட்மி நோட் 4 என்று ஒரு போன் வந்தது. அதே பெயரில் ஒன்று மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20, இன்னொன்று குவால்காம் ஸ்னாப்டிராகன் 625 சிப். இந்தியாவில் 2017இல் விற்றது இரண்டாவது. ஒன்றின் ஃபர்ம்வேர் ஃபைல் மற்றதற்கு எதற்கும் ஆகாது. சாம்சங்கிலும் ஒரே பெயர், ஒரு நாட்டில் எக்ஸினோஸ், இன்னொரு நாட்டில் ஸ்னாப்டிராகன். எங்கள் பக்கம் இது அடிக்கடி வரும். பாலக்காட்டுப் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. லீவுக்கு வரும்போது கொண்டுவந்த போன், இங்கே கடையில் விற்கும் அதே பெயர்தான், உள்ளே சிப் வேறாக இருக்கலாம்.

போன் உயிரோடு இருந்தால் சிப் பெயரைப் பார்த்துவிடலாம். செத்த போன் என்றால் கம்ப்யூட்டரில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு செருகுங்கள். 'மீடியாடெக் பிரீலோடர் யுஎஸ்பி விகாம்' என்று ஓரிரு நொடி வந்து மறைந்தால் மீடியாடெக். 'க்யூடிலோடர் 9008' என்று நின்றால் குவால்காம். 'எஸ்பிஆர்டி' என்று ஆரம்பித்தால் ஸ்பிரெட்ரம், இன்றைய யுனிசாக். அதுவும் வராவிட்டால் போர்டைக் கழற்றி, சிப்பின் மேல் அச்சடித்திருப்பதை லென்ஸ் வைத்துப் படியுங்கள். போர்டு பொய் சொல்லாது.

'ஃபார்மட் ஆல்'

இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

எஸ்பி ஃபிளாஷ் டூலின் பட்டியலில் மூன்று வழி இருக்கும். 'டவுன்லோட் ஒன்லி' நீங்கள் டிக் செய்த பகுதிகளில் மட்டும் எழுதும். 'ஃபர்ம்வேர் அப்கிரேடு' எல்லாவற்றையும் புதிதாக எழுதினாலும், காக்க வேண்டியவை என்று ஸ்கேட்டர் ஃபைலில் (போனின் மெமரி எப்படிப் பிரிந்திருக்கிறது என்ற பட்டியல்) குறித்தவற்றை முதலில் எடுத்து வைத்து, பிறகு திருப்பிப் போடும். 'ஃபார்மட் ஆல் பிளஸ் டவுன்லோட்' எதையும் எடுத்து வைக்காது. துடைத்துவிட்டு, ஃபைலில் இருப்பதை மட்டும் எழுதும்.

பழகுகிறவர்கள் ஏன் மூன்றாவதுக்குப் போகிறார்கள்? 'டவுன்லோட் ஒன்லி' கொடுத்தால் 'பிஎம்டி சேஞ்ச்ட் ஃபார் த ரோம்' என்று டூல் முரண்டு பிடிக்கும். ஃபார்மட் ஆல் கொடுத்தால் வேலை நடந்துவிடும். ஆனால் அந்த முரண்டுக்கு என்ன அர்த்தம்? போனுக்குள் இருக்கும் மெமரிப் பகுதிகளின் (பார்ட்டிஷன்) அளவும், உங்கள் ஃபைலில் இருக்கும் அளவும் பொருந்தவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஃபைல் அந்த வேரியன்ட்டுக்கு உரியதே அல்ல. வேறு ஃபைல் தேடச் சொல்லும் செய்தியைப் பார்த்துவிட்டு, நாம் போனையே துடைக்கிறோம்.

துடைத்தால் போவது போட்டோவும் நம்பரும் மட்டும் என்று நினைத்திருந்தேன். என்விராம் என்று ஒரு சின்ன பகுதி இருக்கிறது. பழைய மீடியாடெக் போன்கள் பலவற்றில் வெறும் 5 எம்பி. போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ, வைஃபை, புளூடூத் முகவரிகள், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஒரு போனுக்கென்று ஃபேக்டரியில் அளந்து பதிந்த ரேடியோ காலிபரேஷன் (டவர் சிக்னலுக்கான நுண்ணிய அளவுத் திருத்தம்), எல்லாம் அங்கே. நெட்டில் இறக்கும் எந்த ஃபர்ம்வேரிலும் அது இருக்காது. இருக்கவும் முடியாது, போனுக்குப் போன் அது வேறு.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு பெரியவர் போன் கொண்டுவந்தார். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். போன் லோகோவில் நின்றிருந்தது. ஃபார்மட் ஆல் போட்டேன், பத்து நிமிஷத்தில் புதுப் போன் போல எழுந்தது. 300 ரூபாய் வாங்கினேன். மறுநாள் வந்தார். "ஏனுங் தம்பி, டவரே காட்ட மாட்டீங்குதுங்க."

நாங்கள் இருப்பது எல்லையில். வீட்டு முன்வாசலில் கேரளா டவர், பின்வாசலில் தமிழ்நாடு டவர் என்று போன் தாவிக்கொண்டே இருக்கும். அதனால் "இந்தப் பக்கம் அப்படித்தானுங்கய்யா, சித்தூர்ப் பக்கம் போய்ப் பாருங்க, வந்துரும்" என்று அனுப்பிவிட்டேன். அதற்கடுத்த நாள் மறுபடியும் வந்தார். சிம்மைத் துடைத்துப் போட்டு அனுப்பினேன்.

மூன்றாம் முறை அவர் மகள் வந்தாள். திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் நான்கு நாளாக அப்பாவுக்குப் போன் போட்டு, கிடைக்காமல், பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பிப் பார்க்கச் சொன்னானாம். என் மேஜை மேலேயே *#06# அடித்துக் காட்டினாள். எண் வர வேண்டிய இடத்தில் 'இன்வேலிட் ஐஎம்இஐ'. வைஃபை பட்டியலைத் திறந்தேன். முதல் வரியில், யார் வீட்டு வைஃபையோ போல, 'என்விராம் வார்னிங்' என்று ஒரு பெயர் உட்கார்ந்திருந்தது. அது முதல் நாளே அங்கே இருந்திருக்கும். நான் ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

ஐஎம்இஐ எழுதித் தரும் டூல்கள் ஊரெல்லாம் கிடைக்கின்றன. தொடாதீர்கள். தயாரிப்பாளரைத் தவிர வேறு யாரும் அந்த எண்ணை வேண்டுமென்றே அழிப்பதும் மாற்றுவதும் கூடாது என்று 2017இலேயே மத்திய அரசு விதி போட்டது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதில் கை வைத்தால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், எண்ணை எழுதினாலும் காலிபரேஷன் திரும்பாது. டவர் பக்கத்தில் இருக்கும் டவுனில் எப்படியோ ஓடும். எங்கள் தென்னந்தோப்புக்குள் ஒரு கோடு நிற்கும், போகும். அந்தப் பெரியவருக்கு என் கைக்காசில் வேறு போன் வாங்கிக் கொடுத்தேன். கொடுத்தபோதும் அவர் "டவர்தானுங்களே தம்பி கோளாறு" என்றே கேட்டார். "இல்லீங்கய்யா, நான் பண்ணின தப்பு" என்று அன்றைக்குத்தான் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எழுதுவதற்கு முன்னால் 'ரீட்பேக்' பக்கத்துக்குப் போங்கள். ஸ்கேட்டர் ஃபைலை நோட்பேடில் திறந்தால், ஒவ்வொரு பகுதியின் தொடக்க முகவரியும் அளவும் அதில் இருக்கும். என்விராம், என்விடேட்டா, புரொடெக்ட்1, புரொடெக்ட்2 நான்கையும் படித்து எடுத்துவிடுங்கள். சில போன்களில் கடைசி இரண்டும் புரொடெக்ட் எஃப், புரொடெக்ட் எஸ் என்றிருக்கும். அந்த ஸ்கேட்டர் வேறு வேரியன்ட்டுடையது என்றால் முகவரியும் தவறாக இருக்கும், ஆகவே படித்த ஃபைலைத் திறந்து பாருங்கள். முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் நீங்கள் எடுத்தது வெற்றிடம். ஐந்து நிமிஷ வேலை. வாடிக்கையாளர் அவசரப்பட்டாலும் உட்காரச் சொல்லுங்கள்.

ஒரு போனின் என்விராமை அதே மாடல் இன்னொரு போனில் போட்டுச் சமாளிப்பதும் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே எண் வந்துவிடும்.

பிரீலோடரில் டிக்

போனை எழுப்பும் ஆரம்பப் புரோகிராம் பிரீலோடர். ரேமை எப்படி எழுப்ப வேண்டும் என்ற விவரம் அதற்குள் இருக்கிறது. ஒரே மாடலில் 2 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டு வரும். ஒரே 3 ஜிபியிலும் ஒரு தொகுப்பில் ஒரு கம்பெனி மெமரி, அடுத்த தொகுப்பில் வேறு கம்பெனி மெமரி இருக்கும். பொருந்தாத பிரீலோடரை எழுதினால் திரை கறுப்பு, வைப்ரேஷன் இல்லை, சார்ஜ் படம்கூட வராது. அடுத்த முறை டூலில் 4032 என்ற எண்ணோடு 'எனேபிள் டிராம் ஃபெயில்' வரும்.

அந்த நிலையிலும் போன் முழுதாகச் சாகவில்லை. பிரீலோடருக்கும் முன்னால் ஓடும் பூட் ரோம் சிப்புக்குள்ளேயே பதிந்தது, அதை எந்த ஃபைலும் அழிக்க முடியாது. போர்டில் இருக்கும் மெமரி சிப்பின் எண்ணைப் படித்து, அதற்குரிய பிரீலோடரைத் தேடிப் போட்டால் எழும். ஆனால் அந்தத் தேடலுக்கு எனக்கு ஒரு முறை மூன்று நாள் ஆனது. லோகோ கோளாறுக்கு பிரீலோடர் தேவையே இல்லை. முதல் வேலையாக அந்த டிக்கை எடுங்கள்.

குவால்காமில் இஎம்எம்சியா, யுஎஃப்எஸ்ஸா

போனின் மெமரி இந்த இரண்டு வகையில் எது என்பதை, குவால்காம் போனில் எழுதும் டூலான க்யூஃபில்லில் நாமே சொல்ல வேண்டும். இஎம்எம்சி 512 பைட்டாகப் பேசும், யுஎஃப்எஸ் 4096 பைட்டாகப் பேசும். ஃபர்ம்வேர் ஃபோல்டரில், எதை எங்கே எழுதுவது என்று சொல்லும் ராபுரோகிராம்0 மட்டும் இருந்தால் பெரும்பாலும் இஎம்எம்சி. 0, 1, 2 என்று 5 வரை வரிசையாக இருந்தால் யுஎஃப்எஸ். போனுக்குள் போய் எழுதித் தரும் ஃபயர்ஹோஸ் ஃபைலும் அந்த சிப்புக்கு, அந்தத் தயாரிப்பாளருக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

'புரொவிஷன்' டிக் (க்யூஃபில்லில் யுஎஃப்எஸ் மெமரியின் பிரிவுகளையே மாற்றி அமைப்பது)

தொடாதீர்கள்.

சார்ஜ்

பாதிக்கு மேல். மழைக்காலத்தில் பாதியில் கரண்ட் போகும், டெஸ்க்டாப் வேண்டாம், லேப்டாப்.

போட்டோ

எழுதும் முன் கேளுங்கள், போட்டோ அழிந்தால் பரவாயில்லையா என்று. பதிலை பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என்கிரிப்ட் ஆன போனில் துடைத்தது திரும்ப வராது.

எடுத்த பேக்கப்பை எங்கே வைப்பது

டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர் 7' என்று வைத்தால் எடுக்காததற்குச் சமம். நான் தேதி, மாடல், ஐஎம்இஐயின் கடைசி நான்கு எண் என்று பெயர் வைக்கிறேன். கம்ப்யூட்டரில் ஒன்று, பெண்டிரைவில் ஒன்று. அன்றைக்கு நான் பிடுங்கிய போனுக்கு அந்தப் பையன் முதல் ஃபோல்டர் போட்டான். படித்த ஃபைல் பூஜ்யமாக வந்தது. வேறு ஸ்கேட்டர் தேடினோம், சரியானது மாலையில்தான் கிடைத்தது. அதை வைத்து 'டவுன்லோட் ஒன்லி' கொடுத்தபோது டூல் முரண்டு பிடிக்கவே இல்லை.