மஞ்சள் சட்டைக்காரருக்கு ஒரு சீசன் கையேடு

சென்னை சூப்பர் கிங்ஸ் 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை ஐபிஎல் கோப்பை வாங்கிய அணி. 2008, 2012, 2013, 2015, 2019 என ஐந்து முறை இறுதிப் போட்டி வரை போய்த் தோற்ற அணியும் இதுதான். நடுவில் 2016, 2017 இரண்டு வருடம் தடை. 2025-ல் பட்டியலில் கடைசி இடம். இப்படி ஏறி இறங்கும் அணிக்கு ரசிகராக இருந்தால் பர்ஸ், தொண்டை, தூக்கம் மூன்றும் அடிபடும். மார்ச் மாதமே கொஞ்சம் திட்டம் போட்டுவிட்டால் மே மாதம் வரை தாக்குப் பிடிக்கலாம்.

டிக்கெட்

லீக் சுற்றில் 14 ஆட்டம், அதில் ஏழு சொந்த மைதானமான சேப்பாக்கத்தில். ஏழுக்கும் போக வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். 2025-ல் சேப்பாக்கத்தில் மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். இரண்டு பேர் போய், உள்ளே சாப்பிட்டு, வண்டிச் செலவும் சேர்ந்தால் ஒரு ராத்திரிக்கு 4,500 ரூபாய் தாராளமாக ஆகும். இரண்டு ஆட்டம், மிஞ்சினால் மூன்று என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். மும்பை, பெங்களூரு ஆட்டங்களுக்கு அடிதடி. வார நாளில் வேறு அணியோடு நடக்கும் ஆட்டத்துக்கு அதே ஸ்டாண்டில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

விற்பனை தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே லாகின் செய்து, யுபிஐ செயலியையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் காத்திருக்கச் சொல்லும் பக்கம் வந்துவிட்டால் ரிஃப்ரெஷ் பட்டனைத் தொடக் கூடாது. தொட்டால் பெரும்பாலும் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். எந்த ஸ்டாண்டு வேண்டும், அது போனால் அடுத்து எது என்பதைத் தாளில் எழுதி வையுங்கள். திரையில் வரைபடத்தைப் பார்த்து யோசிக்க உட்கார்ந்தால், யோசித்து முடிப்பதற்குள் இடம் சாம்பல் நிறமாகிவிடும்.

கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள். பிளாக்கில் வாங்குவதில் விலையை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒரே கியூஆர் குறியீட்டை நாலைந்து பேருக்கு விற்றுவிடுவார்கள். வாசலில் முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே போவார், மற்றவர்களுக்குச் சிவப்பு விளக்கு. விற்றவரின் போன் அதற்குள் அணைந்திருக்கும்.

எந்தப் பக்கம் உட்காருவது

கிரிக்கெட் பார்க்கப் போகிறவர் மேல் தளம் எடுக்கலாம். ஃபீல்டிங் எப்படி நிற்கிறது, கேப்டன் யாரை எங்கே நகர்த்துகிறார் என்பது அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். கீழ்த் தளத்தில் எல்லைக் கோட்டில் நிற்கும் வீரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஆனால் தூக்கி அடித்த பந்து சிக்ஸா கேட்சா என்பது பக்கத்து ஸ்டாண்டு கத்திய பிறகுதான் புரியும். சுழல் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க பந்து வீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் உட்கார வேண்டும். சேப்பாக்கத்துக்கு வருவதே அதற்காகத்தான் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம்.

மாலை 3.30 ஆட்டம் என்றால் வரைபடத்தில் கடற்கரை எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்தப் பக்கத்து ஸ்டாண்டில் உட்கார்ந்தால் மேற்கே பார்த்து உட்கார்கிறீர்கள். கூரை இருந்தாலும் ஐந்து மணிக்கு மேல் வெயில் சாய்ந்து வந்து நேரே கண்ணில் குத்தும். தொப்பி கட்டாயம்.

ஆட்ட நாள்

7.30 ஆட்டத்துக்கு 7 மணிக்கு டாஸ். 5.30 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். பைக்கில் போகாதீர்கள், வாலாஜா சாலை, பெல்ஸ் சாலைப் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். நிறுத்த இடம் கிடைத்தாலும் ஹெல்மெட்டை உள்ளே விட மாட்டார்கள். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் மைதானம் பக்கத்திலேயே. மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். அண்மைச் சீசன்களில் ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசமாகப் போகலாம் என்ற ஏற்பாடு இருந்தது. திரும்பும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து, ஒவ்வொரு சீசனும் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், குச்சி வைத்த கொடி எதுவும் வேண்டாம். வாசலில் பிடுங்கி ஓரமாகக் குவித்து வைப்பார்கள், திரும்பி வரும்போது அந்தக் குவியலில் உங்களுடையதைத் தேட முடியாது. போனில் சார்ஜ் முழுசாக இருக்கட்டும். உள்ளே கூட்டத்தில் நெட் படுத்துவிடும். எனவே கியூஆர் டிக்கெட்டை வீட்டிலேயே திறந்து பிரகாசத்தைக் கூட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

உள்ளே சாப்பாட்டுக் கடைக்கு எல்லோரும் போவது ஸ்ட்ராட்டஜிக் டைம் அவுட்டில். அந்த இடைவேளை இரண்டரை நிமிடம்தான், வரிசையோ பதினைந்து நிமிடம். முதல் டைம் அவுட் 6 முதல் 9-வது ஓவருக்குள்ளும், இரண்டாவது 13 முதல் 16-வது ஓவருக்குள்ளும் வரும். இரண்டுக்கும் நடுவே 10, 11-வது ஓவரில் எழுந்து போனால் வரிசை குறைவு. அந்த நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் இரண்டுமாகத்தான் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

விசில் அடிக்கத் தெரிந்தவர்கள் முன்வரிசைக் குழந்தையின் காதுக்கு நேரே அடிக்காமல் இருந்தால் புண்ணியம். குழந்தையோடு போகிறவர்கள் பஞ்சோ இயர் பிளக்கோ எடுத்துப் போங்கள். தொண்டைக்கு ஒரே மருந்து ஓவருக்கு ஒரு வாய் தண்ணீர். முதல் ஆறு ஓவர் பவர் பிளேயிலேயே முழு மூச்சில் கத்தினால் கடைசி ஓவருக்குக் காற்றுதான் வரும்.

சேப்பாக்கத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. 1999 ஜனவரியில் டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் டெஸ்ட்டில் தோற்றது. மைதானம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. அந்தப் பெயரைக் கெடுக்க வேண்டாம். அதே மைதானத்தில் அண்மைச் சீசன்களில் சொந்த அணியின் விக்கெட் விழுந்தால் கைதட்டினார்கள், அடுத்து தோனி வருவார் என்று. அவுட்டாகி நடந்து போன பையன் அதைக் கேட்டுக்கொண்டேதான் போனான்.

ரன் ரேட் கணக்கு

மே மாதத்தில் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். அதனால் இதை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள்.

வெற்றிக்கு 2 புள்ளி, முடிவில்லாத ஆட்டத்துக்கு 1. பத்து அணிகள் வந்த 2022 முதல் 2025 வரை 16 புள்ளி எடுத்த எந்த அணியும் முதல் நான்கு அணிகள் ஆடும் பிளே ஆஃப் சுற்றுக்கு வெளியே போனதில்லை. அதாவது 14-ல் எட்டு வெற்றி. ஏழோடு நின்றால், புள்ளி சமமான அணிகளைப் பிரிக்கும் நெட் ரன் ரேட் உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிக்கும்.

நீங்கள் அடித்த மொத்த ரன்னை ஆடிய மொத்த ஓவரால் வகுங்கள். கொடுத்த மொத்த ரன்னை வீசிய மொத்த ஓவரால் வகுங்கள். முதலிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் சறுக்குவது மூன்று இடத்தில். ஒன்று, 18.3 ஓவர் என்பது கணக்கில் 18.5, மூன்று பந்து அரை ஓவர். இரண்டு, ஆல் அவுட் ஆனால் எத்தனை ஓவரில் அவுட்டானாலும் முழு 20 ஓவர் என்றே எடுக்க வேண்டும். மூன்று, ஒவ்வொரு ஆட்டத்தின் ரன் ரேட்டையும் கூட்டிச் சராசரி பார்க்கக் கூடாது. சீசன் முழுக்க ரன்னைத் தனியாக, ஓவரைத் தனியாகக் கூட்டிய பிறகுதான் வகுக்க வேண்டும்.

நாம் 180 அடித்து, எதிரணி 18 ஓவரில் 160-க்கு ஆல் அவுட் என்று வையுங்கள். 180/20 = 9.00, 160/20 = 8.00, ஆக +1.00. இப்போது எதிரணி 20 ஓவரில் 160 அடித்து, நாம் 16 ஓவரில் 161 எடுத்துவிட்டோம்: 10.06 கழித்தல் 8.00, +2.06. இருபது ரன் வெற்றியை விட நான்கு ஓவர் மிச்சம் வைத்த வெற்றிக்கு இரு மடங்கு பலன். சின்ன இலக்கைத் துரத்தும்போது 15-வது ஓவரில் நிதானமாக ஆடுகிறார்களே என்று ரசிகர்கள் பல்லைக் கடிப்பதற்குக் காரணம் இதுதான்.

13 ஆட்டம் முடிந்தபின் +0.100-ல் இருக்கும் அணி கடைசி ஆட்டத்தில் +1.00 வாங்கினால் சுமார் +0.164 வரைதான் ஏறும். அதே ஆட்டத்தில் 60 ரன்னில் தோற்றால் −0.121-க்குச் சரியும். சீசன் தொடக்கத்தில் வாங்கிய பெரிய தோல்வியைக் கடைசியில் அழிப்பது கடினம். எனவே ஏப்ரலில் 60 ரன்னில் தோற்கும் ஆட்டத்தில்கூட 17-வது ஓவர் முதல் கவனித்துப் பாருங்கள். அங்கே சேரும் 15 ரன் மே மாதம் தேவைப்படும்.

2024 மே 18, பெங்களூரு. பெங்களூரு அணியான ஆர்சிபி 218. சென்னை வெல்ல 219 வேண்டும், ஆனால் 201 எடுத்தாலே பிளே ஆஃப். கடைசி ஓவரில் வெற்றிக்கு 35, தகுதிக்கு 17. யஷ் தயாள் வீசிய முதல் பந்தை தோனி சிக்ஸ் அடித்தார், அடுத்த பந்தில் அவுட். 191-ல் நின்றது. இரண்டு அணிக்கும் 14 புள்ளி, ஆர்சிபியின் +0.459-க்கும் சென்னையின் +0.392-க்கும் இடையே ஒரு சீசன் முடிந்தது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் இரண்டு இலக்கையும் ஓவர் தொடங்கும் முன்பே தாளில் எழுதி வைத்தால், பக்கத்தில் இருப்பவர்கள் எதற்குக் கத்துகிறார்கள் என்றாவது புரியும்.

தோற்ற ராத்திரி

ஆட்டம் முடியப் பதினொன்றரை ஆகும். அதற்குப் பிறகு அலசல் நிகழ்ச்சி பார்க்காதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் காலை வரை எதுவும் எழுத வேண்டாம். மும்பை ரசிகரான மச்சானுக்குப் பதில் சொல்லக் காலையில் நேரம் இருக்கிறது. காலையில் ஸ்கோர் கார்டை எடுத்து 1–6, 7–15, 16–20 ஓவர்கள் என மூன்றாகப் பிரித்து இரண்டு அணியின் ரன்னையும் எழுதுங்கள். எங்கே கோட்டை விட்டோம் என்பது பெரும்பாலும் ஒரே பகுதியில் தெரிந்துவிடும். இரவு ஆட்டத்தில் இரண்டாவது பந்துவீச்சு என்றால் பனியையும் பாருங்கள். ஈரப் பந்தைச் சுழல் வீச்சாளர் இறுக்கிப் பிடிக்க முடியாது, நழுவி ஃபுல் டாஸாகப் போகும். கேப்டனைத் திட்டும் முன் டாஸில் யார் ஜெயித்தார் என்று பாருங்கள்.

விட்ட பணத்தைப் பிடிக்கப் பந்தயம் கட்டுவது மட்டும் கூடவே கூடாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் தடை செய்துவிட்டது. ரகசியமாக நடத்துகிறவர் பணத்தைத் தராவிட்டால் எங்கும் போய்க் கேட்க முடியாது.

ஜெர்சியும் சீசன் முடிந்த பிறகும்

ஜெர்சியில் பெயர் அச்சிடும் முன் யோசியுங்கள். 2023 இறுதிப் போட்டியில், நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் 6, 4 அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவர் ஜடேஜா. 2025 நவம்பரில் அவர் ராஜஸ்தானுக்கு மாறினார், அங்கிருந்து சஞ்சு சாம்சன் இங்கே வந்தார். பெயரில்லாத ஜெர்சிதான் நீண்ட நாள் உழைக்கும். முதல் இரண்டு சலவை தனியாக, பச்சைத் தண்ணீரில், உள்பக்கம் வெளியே திருப்பி. எண் ஒட்டிய இடத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகி இஸ்திரியோடு வரும். பாலியஸ்டர் துணி வேர்வையை உறிஞ்சாது. உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டால் ஏப்ரல் புழுக்கத்தைச் சமாளிக்கலாம்.

ஜூன் மாதம் வெறுமையாக இருந்தால் டிஎன்பிஎல் எனும் தமிழ்நாடு பிரீமியர் லீக் பாருங்கள். குளிர்காலத்தில் சேப்பாக்கத்தில் மாநில அணிகள் மோதும் ரஞ்சி ஆட்டம் நடந்தால் பெரும்பாலும் டிக்கெட்டே கேட்க மாட்டார்கள்; ஐபிஎல்லில் இடம் கிடைக்காத ஸ்டாண்டில் காலை ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்து, மதியத்துக்குள் கிளம்பி வந்துவிடலாம்.