உப்புநீர்த் தொட்டியில் மீன் திடீரென்று செத்தால் செய்யக் கூடாதவை

காலையில் விளக்கைப் போட்டால் ஒரு மீன் அடியில் கிடக்கிறது. நேற்று இரவு நன்றாகத் தீனி தின்ற மீன்தான், உடம்பில் காயம் இல்லை, புள்ளி இல்லை. உடனே கை பரபரக்கும். பாதித் தண்ணீரை மாற்றுவது, கைக்குக் கிடைத்த மருந்தை ஊற்றுவது, ஃபில்டரைக் கழுவுவது என்று மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிடுவோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன், அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு மீன் போனது, எதனால் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த தடயத்தையெல்லாம் நானே கழுவி ஊற்றிவிட்டேன்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்து வையுங்கள். அம்மோனியா, பி.எச். (அமில-கார அளவு), உப்பின் அளவு, வெப்பநிலை எல்லாவற்றையும் பார்த்து எழுதி வையுங்கள். அப்புறம் உயிரோடு இருப்பவற்றைப் பாருங்கள். இறால், நத்தை, நண்டெல்லாம் நன்றாக இருந்து மீன் மட்டும் சாகிறது என்றால் ஒட்டுண்ணி அல்லது ஆக்சிஜன் பக்கம் சந்தேகம் போக வேண்டும். இறாலும் நத்தையும் சேர்ந்தே சாகிறது என்றால் தண்ணீரில் ஏதோ நஞ்சு கலந்திருக்கலாம். செம்பு கலந்த தண்ணீரில் மீனுக்கு முன்பே இறால் போய்விடும். கொசு மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு வகை ரசாயனங்கள் மீன், இறால் இரண்டையுமே கொல்லும், மிகக் குறைந்த அளவிலேயே. தொட்டி இருக்கும் அறையில் யாராவது ஸ்ப்ரே அடித்தார்களா என்று வீட்டில் கேளுங்கள். செத்த மீனைத் துறவி நண்டு தின்றுகொண்டிருந்தால் அதுதான் கொன்றது என்று முடிவு கட்டிவிட வேண்டாம், அது பிணத்தைத் தின்கிற பிராணி.

"டெஸ்ட் கிட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆகவே தண்ணீரில் பிரச்சினை இல்லை" என்று நினைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வழக்கமான கிட் எதுவும் ஆக்சிஜனை அளப்பதில்லை. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கடல்நீருக்கு 7 மில்லிகிராம்கூடத் தேறாது. சூடு ஏற ஏற அது இன்னும் குறையும். இரவில் பாசியும் பவளமும்கூட ஆக்சிஜனை இழுக்கும் என்பதால் விடியற்காலையில்தான் அளவு மிகவும் கீழே போகும். இரவு நன்றாக இருந்த மீன்கள் காலையில் செத்துக் கிடக்கின்றன, பெரிய மீன்கள்தான் முதலில் போகின்றன, மிச்சமிருப்பவை மேல்மட்டத்தில் வாயைப் பிளக்கின்றன என்றால் மருந்து தேட வேண்டாம், பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்பு) மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பை நன்றாகக் குலுங்க விடுங்கள். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் ஓடுகிறதா, மேலே எண்ணெய்ப் படலம் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

உப்பு அளவிலும் கருவி ஏமாற்றும். உப்பளவு பார்க்கும், ஊசி மிதக்கும் ஹைட்ரோமீட்டரில் ஒரு சின்னக் காற்றுக் குமிழ் ஒட்டினாலே உப்பு இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், நீங்கள் நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பைக் கீழே இறக்கிவிடுவீர்கள். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டர் வைத்திருந்தால் 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, "உடம்பில் புள்ளி இல்லை, அதனால் நோய் இல்லை" என்ற நம்பிக்கை. வெல்வெட் என்று சொல்கிற அமைலூடினியம் ஒட்டுண்ணி முதலில் செவுளைத்தான் பிடிக்கும். தோலில் பொன்னிறத் தூள் தெரிவதற்கு முன்பே மீன் மூச்சுத் திணறிச் செத்துவிடலாம், ஒரு தொட்டியே சில நாட்களில் காலியாகலாம். சாவதற்கு முந்தைய நாட்களை நினைத்துப் பாருங்கள்: மூச்சு வேகமாக வாங்கியதா, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கியதா, பவர்ஹெட் தள்ளும் நீரோட்டத்துக்கு எதிரே போய் நின்றுகொண்டதா? இதெல்லாம் இருந்தால் வெல்வெட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். செத்து அதிக நேரமாகாத மீன் என்றால் செவுளைச் சுரண்டிச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே ஒட்டுண்ணி உருண்டை உருண்டையாகத் தெரியும்.

அதற்காக, இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு மருந்தைப் பிரதானத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். பவளம், இறால், நத்தை எல்லாம் போய்விடும். லைவ் ராக்கும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்வதால் மருந்தின் அளவும் நிலையாக நிற்காது. மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி, அங்கே செம்பை தினமும் அளந்தபடி வைத்தியம் செய்யுங்கள்.

புதிய மீன் வாங்கி வந்த அன்றோ மறுநாளோ செத்தால், தொட்டியில் விட்ட முறையை யோசியுங்கள். நீண்ட பயணம் செய்த பையில் மீனின் கழிவால் அம்மோனியா சேர்ந்திருக்கும், ஆனால் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு பி.எச்.சைக் கீழே இறக்கியிருப்பதால் அது அதிகம் கடிக்காது. பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பி.எச். ஏறும். பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினாலே நச்சு வடிவ அம்மோனியா ஏறக்குறைய 10 மடங்காகிவிடும். மீனுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து அதே பைத் தண்ணீரில் 2 மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்கினால், அத்தனை நேரமும் அதை நஞ்சில் ஊறவைக்கிறோம். பையை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள், தனித் தொட்டியின் உப்பளவை முன்கூட்டியே பைத் தண்ணீரின் அளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள், திறந்ததும் மீனை உடனே மாற்றிவிடலாம்.

மின்சாரம் பல மணி நேரம் போய்த் திரும்பியிருந்தால் கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய ஃபில்டர்) அப்படியே ஓடவிடாதீர்கள், உள்ளே தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா செத்திருக்கும், முதலில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஆழமான பழைய மணலைக் கிளறுவதும் ஆபத்து. கறுத்த மண்ணும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு.

கடைசியாக ஒன்று, காலியான இடத்தை நிரப்ப அந்த வாரமே புது மீன் வாங்காதீர்கள். ஒட்டுண்ணிதான் காரணம் என்றால் பிரதானத் தொட்டி மீனே இல்லாமல் கிடக்க வேண்டும், வெல்வெட்டுக்குக் குறைந்தது 6 வாரம், வெண்புள்ளி நோய்க்கு 76 நாள் என்பது மீன் வளர்ப்பவர்கள் பரவலாகக் கடைப்பிடிக்கிற கணக்கு. அந்த நாட்களிலும் பம்பும் ஹீட்டரும் ஓடட்டும், இறாலுக்கும் நண்டுக்கும் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு வாருங்கள், அந்தக் கழிவில்தான் பாக்டீரியாவும் பிழைத்துக் கிடக்கும்.