மதுரைக் காற்றில் ஹைட்ரஜன் குளோரைடு: அளக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பத்து நாள் மொட்டை மாடியில் பம்ப் வைத்து இழுத்த காற்று மாதிரிகள் அத்தனையும், குப்பி கழுவிய தண்ணீரால் வீணாய்ப் போனதைப் பார்த்தவன் நான். நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் 8 மணி நேரம் காற்றை இழுத்து, அதிலுள்ள ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவைப் பிடித்து, குளோரைடு அயனியாக அளப்பது எங்கள் திட்டம். முடிவு வந்தபோது எல்லா மாதிரியிலும் குளோரைடு எக்கச்சக்கமாக இருந்தது, எங்களுக்கும் ஒரே சந்தோஷம். அப்புறம்தான் பிளாங்க்கைப் பார்த்தோம், அதாவது காற்றே இழுக்காமல் மாடிக்கு எடுத்துப்போய்த் திருப்பி எடுத்து வந்த குப்பி. அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு! குப்பிகளைக் கடைசியாக அலசியது போர் தண்ணீரில்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு பெரிய தவறு என்று புரியும். 8 மணி நேரத்தில் 480 லிட்டர், அதாவது 0.48 கனமீட்டர் காற்று. அந்தக் காற்றில் 1 பிபிபி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு, ஹைட்ரஜன் குளோரைடு இருந்தால் கனமீட்டருக்குச் சுமார் 1.5 மைக்ரோகிராம், ஆக எட்டு மணி நேரம் பம்ப் ஓடிப் பிடித்துக் கொடுத்தது மொத்தமே 0.7 மைக்ரோகிராம்தான். இப்போது தண்ணீருக்கு வாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் குளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம். அப்படிப்பட்ட தண்ணீர் ஒரே ஒரு சொட்டு, 0.05 மில்லிலிட்டர், குப்பியின் அடியில் தங்கிவிட்டால் அதில் 12.5 மைக்ரோகிராம் குளோரைடு இருக்கும். காற்றிலிருந்து பிடித்ததைப் போல 17 மடங்கு. வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். விரலில் இருக்கும் வியர்வையும் உப்புதான், ஃபில்டரை வெறுங்கையால் தொட்டால் அதுவும் கணக்கில் ஏறும். அதனால் கையுறை, 18.2 மெகாஓம் தூய நீர், ஒவ்வொரு நாளும் ஒரு பிளாங்க், இந்த மூன்றும் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். ஆய்வகத்திலேயே இருந்த பிளாங்க் போதாது, களத்துக்குப் போய்வந்த பிளாங்க் வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இது மற்ற வாயுக்களைப் போல அடங்கி நிற்கிற வாயு கிடையாது. தண்ணீரைக் கண்டால் கரையும், அம்மோனியாவைக் கண்டால் சேரும், குழாயில், சுவரில், தூசியில் ஒட்டும், கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து கிளம்பியும் வரும். அளக்கிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்தக் குணத்தை மறப்பதால் வருகிறவைதான்.

அதற்கு முன்னால் ஒரு அடிப்படைக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மழை விட்டதும் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்களே, அந்த வாடையை ஹைட்ரஜன் குளோரைடு என்று எழுதிவிடுகிறார்கள். அது குளோரின் குடும்ப வாடை, வேறு பொருள், வேறு வேதியியல். ஹைட்ரஜன் குளோரைடு வேண்டுமானால் டைல்ஸ் கழுவ ஹார்டுவேர் கடையில் வாங்கும் ஆசிட் பாட்டிலைத் திறக்கும்போது மூக்கைச் சுரீரென்று குத்துமே, அது. மூடியைச் சுற்றி வெள்ளையாக எழும் புகை கூட முழுக்க வாயு இல்லை, வாயு காற்றின் ஈரத்தைப் பிடித்து உண்டாக்கிய அமிலத் துளிகள் அதில் கலந்திருக்கின்றன. துளியும் வாயுவும் உங்கள் கருவிக்குள் ஒரே மாதிரி போய்ச் சேராது.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: 'இரண்டையும் சேர்த்து ஊற்றி என்ன வருகிறது என்று அளந்து பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள். பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். குளியலறை போன்ற சின்ன இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

அடுத்து, எது எரிந்தால் வருகிறது என்பதில் நடக்கும் தவறு. குப்பை எரிகிறது, பிளாஸ்டிக் எரிகிறது, ஆகவே ஹைட்ரஜன் குளோரைடு என்று நேராக எழுதிவிடுகிறோம். கேரி பேக் பாலித்தீன், அதில் குளோரினே கிடையாது. தண்ணீர் பாட்டிலிலும் கிடையாது. பிவிசியில்தான் இருக்கிறது, அதுவும் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். நம் ஊரில் பிவிசி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதே இல்லை, தலையை நிமிர்த்தினால் போதும். காதுகுத்து, கல்யாணம், கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என்று கட்டும் ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் பெரும்பாலும் பிவிசி பூசிய துணி. விழா முடிந்ததும் கொஞ்சம் கூரைக்குப் போகும், கொஞ்சம் மாட்டுக் கொட்டகைக்குப் போகும், மிச்சம் குப்பையோடு எரியும். செம்பு எடுப்பதற்காக வயரைக் கொளுத்துகிற இடங்களிலும் மேலுறை பிவிசிதான்.

சந்தேகம் இருந்தால் ஒரு பழைய சோதனை இருக்கிறது. செம்புக் கம்பியைத் தீயில் நன்றாகக் காய்ச்சி, சுடர் நிறமில்லாமல் ஆனதும், ஃப்ளெக்ஸில் ஒரு முனையைத் தொட்டு எடுத்து மறுபடி சுடரில் காட்டுங்கள். பச்சையாக, நல்ல மரகதப் பச்சையாகச் சுடர் பூக்கும். கேரி பேக்கைத் தொட்டுக் காட்டினால் அந்தப் பச்சை வராது. கடுகளவு துண்டு போதும், வெட்டவெளியில் செய்யுங்கள், புகை வரும் பக்கம் நிற்காதீர்கள். சுடர் பச்சையானால் அந்தப் பொருளில் குளோரின் வகையறா இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், எவ்வளவு வாயு வந்தது என்பதை அது சொல்லாது.

பிவிசி இல்லாவிட்டால் ஹைட்ரஜன் குளோரைடே வராது என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தப்பு. வைக்கோலிலும் சருகிலும் குளோரைடு உண்டு, உப்புப் போட்ட சாப்பாட்டு மிச்சத்திலும் உண்டு. அவனியாபுரம் பக்கம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கில் எப்போதாவது தீப்பிடித்தால் அங்கே எரிவது இவை எல்லாம் கலந்த ஒன்று, எந்தப் பங்கு எதிலிருந்து வந்தது என்பதைக் குளோரைடு அளவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. நகைப் பட்டறைகளில் தங்கத்தைச் சுத்தம் செய்யும் ராஜ திராவகத்திலும் இதே சிக்கல். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடோடு குளோரினும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்தே கிளம்பும். கண்ணுக்குத் தெரிகிற பழுப்பு நிறம் நைட்ரஜன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடுக்கு நிறமே கிடையாது.

கடல் உப்பு பற்றி ஒரு வார்த்தை. புத்தகத்தில் இருப்பது உண்மைதான்: கடல் காற்றில் வரும் உப்புத் துகள் மேல் நைட்ரிக் அமிலமோ கந்தக அமிலமோ பட்டால் குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறும். உலக அளவில் இது பெரிய மூலம். அதற்காகக் கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் போல உள்ளே இருக்கிற மதுரையில் எடுத்த மாதிரிக்கும் 'கடல் உப்பு' என்று காரணம் எழுதிவிட்டுப் போகக் கூடாது. சோடியத்தையும் சேர்த்து அளங்கள். கடல் நீரில் குளோரைடுக்கும் சோடியத்துக்கும் எடை விகிதம் சுமார் 1.8. துகளில் அதைவிடக் குறைந்தால் குளோரைடு வாயுவாகப் போயிருக்கலாம், கூடினால் வேறு மூலம் இருக்கிறது. மண்ணிலிருந்தும் சோடியம் வரும் என்பதால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, ஆனாலும் ஒன்றுமே பார்க்காமல் எழுதுவதற்கு இது எவ்வளவோ மேல்.

சரி, பிடிப்பதற்கு வருவோம். பலரும் ஒரு ஃபில்டரை மாட்டி, அதில் கிடைத்த குளோரைடைத் துகள் என்றும், பின்னால் வைத்த குப்பியில் கிடைத்ததை வாயு என்றும் எழுதுகிறார்கள். இங்கேதான் அம்மோனியா வந்து நிற்கிறது. மாட்டுத் தொழுவம், சாக்கடை, குப்பைமேடு எல்லாம் அம்மோனியா கொடுக்கும் இடங்கள். ஹைட்ரஜன் குளோரைடு அதோடு சேர்ந்து அம்மோனியம் குளோரைடு என்ற திடத் துகளாகும், வெயில் ஏறினால் அதே துகள் பிரிந்து இரண்டு வாயுவாகவும் போகும். அதிகாலையில் ஃபில்டரில் துகளாக உட்கார்ந்தது, மதியம் மொட்டை மாடி கொதிக்கும்போது ஆவியாகிப் பின்னால் இருக்கிற குப்பிக்குப் போய்விடும், நீங்கள் அதை வாயு என்று எழுதுவீர்கள். போதாததற்கு, ஃபில்டரில் பிடிபட்ட உப்பின் மேல் காற்றிலுள்ள நைட்ரிக் அமிலம் பட்டால் அங்கேயே புதிதாக ஹைட்ரஜன் குளோரைடு உண்டாகும்.

இதற்காகத்தான் டினூடர் என்ற கண்ணாடிக் குழாயை முதலில் வைப்பது. உள்பக்கம் சோடியம் கார்பனேட் பூசியிருக்கும், வாயு சுவருக்கு ஓடி ஒட்டிக்கொள்ளும், துகள் நேராகத் தாண்டிப்போய் ஃபில்டரில் விழும், அதற்கும் பின்னால் ஒரு நைலான் ஃபில்டர் வைத்தால் முதல் ஃபில்டரிலிருந்து ஆவியானதையும் பிடித்துவிடலாம். வரிசையை மாற்றி ஃபில்டரை முன்னால் வைத்தால் இத்தனை ஏற்பாடும் வீண். 24 மணி நேரத்துக்கு ஒரே மாதிரி எடுக்காமல் பகலையும் இரவையும் தனித்தனியாக எடுங்கள், நம் ஊர் வெயிலுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

இந்த இடத்தில் இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021இல் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து, டில்லிக் குளிர்காலத்தில் குளோரைடு மிகுந்த துகள்கள் ஈரத்தை இழுத்துப் பெருத்து மூடுபனிக்குக் காரணமாகின்றன என்று காட்டினார்கள். அருமையான ஆய்வு. அதை இங்கே அளக்கிறவர்கள் அப்படியே எடுத்து மதுரைக்குப் பொருத்திவிடுகிறார்கள். தை மாத இரவில் நமக்கு 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். டில்லிக் குளிரில் துகளாக நிற்பது இங்கே வாயுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

குழாய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டீல் வேண்டாம், சிலிகான் வேண்டாம், டெஃப்லான் வகையைச் சேர்ந்த பிஎஃப்ஏ பிளாஸ்டிக் குழாய் போடுங்கள், முடிந்த அளவு குட்டையாக. கருவி ஜன்னலோரம், காற்றை இழுக்கும் வாய் மாடியில் என்று நீளக் குழாய் இழுத்தால் வாயு வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு, அளவு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், பத்து நிமிடத்துக்கு முன் நடந்ததை இப்போது நடப்பதாகக் காட்டும். அளவு சரிபார்க்கும்போதும் உலர்ந்த சிலிண்டர் காற்றோடு நிறுத்தாமல், ஈரக் காற்றிலும் ஒருமுறை பாருங்கள்.

வீட்டுக்குள் அளக்கும்போது சுவரைக் கவனிக்காமல் விடுவது பெரிய தவறு. சுண்ணாம்பு அடித்த பழைய வீட்டுச் சுவர் அமில வாயுவை இழுத்துக்கொள்ளும், எமல்ஷன் பெயிண்ட் அடித்த புது வீட்டுச் சுவர் அதே மாதிரி நடந்துகொள்ளாது. இரண்டு வீட்டிலும் ஒரே அளவு ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் காற்றில் ஒரே அளவு நிற்காது. எந்தச் சுவர், எத்தனை ஜன்னல், மின்விசிறி ஓடியதா, தரை ஈரமாக இருந்ததா என்று குறிக்காத எண்ணை வைத்து இன்னொரு வீட்டோடு ஒப்பிடவே முடியாது. காற்றைவிட 1.26 மடங்கு கனமான வாயு, அதனால் தரையோடு கிடக்கும் என்று கருவியைத் தரையில் வைக்கிறவர்களும் உண்டு. பிபிபி அளவில் இருக்கும்போது அப்படிப் படிந்து கிடக்காது, அறைக்காற்று கலக்கிவிடும். ஆள் உட்கார்ந்து மூச்சு விடும் உயரத்தில் வையுங்கள்.

பிளீச் போட்டுத் துடைத்த அறை என்றால் கூடுதல் எச்சரிக்கை. 2018இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் ஒரு சோதனை வீட்டில் நடந்த ஹோம்கெம் ஆய்வில், பிளீச்சால் தரையைத் துடைத்தபோது ஹைப்போகுளோரஸ் அமிலம், குளோரின், நைட்ரில் குளோரைடு என்று பல வாயுக்கள் காற்றில் கூடின. உங்கள் கார்பனேட் குழாய்க்கு இவற்றைச் சரியாகப் பிரிக்கத் தெரியாது. குளோரின் அதில் கரைந்தாலும் ஒரு பகுதி குளோரைடாகத்தான் வந்து நிற்கும். அப்படிப்பட்ட அறையில் எடுத்ததை 'ஹைட்ரஜன் குளோரைடு' என்று தலைப்பிடாதீர்கள், 'கரையும் குளோரைடு' என்று எழுதுவதுதான் நேர்மை.

கடைசியாக ஒப்பிடும் எண். இந்தியாவின் 2009 தேசியக் காற்றுத் தரப் பட்டியலில் 12 மாசுகள் இருக்கின்றன, ஹைட்ரஜன் குளோரைடு அதில் இல்லை. ஆகவே காற்றுத் தரக் குறியீடான ஏக்யூஐ பச்சையில் இருக்கிறது என்பதை வைத்து இதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அது இல்லையென்றதும் தொழிற்சாலைக்கான வரம்பான 5 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 5 பங்கு) எடுத்துக்கொண்டு 'எங்கள் தெரு பாதுகாப்பானது' என்று முடிக்கிறார்கள். அந்த 5 பிபிஎம் வேலை செய்கிறவருக்கு எந்த நொடியிலும் தாண்டக் கூடாத உச்சம், அந்த அளவிலேயே மூக்கும் தொண்டையும் எரியும். சராசரி அளவே இல்லை அது, கைக்குழந்தை இருபத்து நான்கு மணி நேரமும் மூச்சு விடும் வீட்டுக்குப் போட்டதும் இல்லை. வாழ்நாள் முழுக்கச் சுவாசிப்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வைத்திருக்கும் குறிப்பு அளவு கனமீட்டருக்கு 20 மைக்ரோகிராம், அதாவது சுமார் 13 பிபிபி. இரண்டுக்கும் நடுவே 370 மடங்குக்கு மேல் இடைவெளி. பயோமெடிக்கல் கழிவு எரிஉலைக்கான, கனமீட்டருக்கு 50 மில்லிகிராமை எடுத்து ஒப்பிடுவது இன்னும் தப்பு, அது புகைபோக்கிக்குள் இருக்கும் புகைக்கான வரம்பு. பிபிஎம் அளவில் நிறம் மாறும் டிடெக்டர் ட்யூபை மாடியில் வைத்து, நிறம் மாறவில்லை, ஆகவே இல்லை என்று எழுதுவதும் இதே வகைதான். அந்த ட்யூபுக்கு 13 பிபிபி கண்ணிலேயே படாது. உங்கள் முறைக்கு எவ்வளவு குறைவு வரை தெரியும் என்பதை பிளாங்க்குகளிலிருந்து கணக்கிட்டு, அதற்குக் கீழே வந்த நாட்களில் 'பூஜ்யம்' என்று போடாமல் 'இந்த அளவுக்குக் கீழ்' என்று அந்த எண்ணோடு போடுங்கள்.