எந்த ஊர் நள்ளிரவு? புலம்பெயர்ந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இணைய வானொலி தொடங்குவது எப்படி

நான் இருப்பது நியூசிலாந்தின் டனீடன் நகரத்தில். ஊரின் பெயரே ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுக்குக் கேலிக் மொழியில் உள்ள பெயரிலிருந்து வந்ததுதான். 1848-இல் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள் உண்டாக்கிய ஊர். பிரின்சஸ் ஸ்ட்ரீட், ஜார்ஜ் ஸ்ட்ரீட் என்று தெருப்பெயர்களைக்கூட எடின்பரோவிலிருந்தே கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கும் ஸ்காட்லாந்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் இழுத்துப் போனதால் தன்னார்வ வானொலி ஒன்றில் மாட்டிக்கொண்டேன். அங்கே கற்றதை முதல்முறை செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: கடிகாரம்

எல்லாரும் மைக் வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். ஒரு தாளில் உங்கள் நேயர்கள் இருக்கும் ஊர்களை எழுதி, பக்கத்தில் அந்தந்த ஊர் நேரத்தை எழுதுங்கள்.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு டிசம்பர் 31 இரவு பெரிய கொண்டாட்டம், ஹாக்மனே என்பார்கள். முதல் வருடம் நாங்கள் "இரவு 12 மணிக்கு நேரலை" என்று மட்டும் அறிவித்தோம். எந்த ஊர் 12 மணி என்று சொல்லவில்லை. எடின்பரோவில் நள்ளிரவு அடிக்கும்போது டனீடனில் ஜனவரி 1, பகல் ஒரு மணி, நல்ல கோடை வெயில். கனடாவின் டொராண்டோவில் அப்போதுதான் 31-ஆம் தேதி மாலை ஏழு. நாங்கள் எடின்பரோ நேரத்துக்கு ஒலிபரப்பினோம். டொராண்டோக்காரர்கள் தங்கள் ஊர் நள்ளிரவில் வந்து எட்டிப் பார்த்தபோது நிகழ்ச்சி தொடங்கி ஐந்து மணி நேரம் ஆகி, முடிந்தும் போயிருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. டனீடனுக்கும் எடின்பரோவுக்கும் உள்ள இடைவெளி ஜனவரியில் 13 மணி நேரம், ஜூலையில் 11. இரண்டு நாடுகளும் கடிகாரத்தை வெவ்வேறு ஞாயிறுகளில் மாற்றுவதால் நடுவில் சில வாரங்கள் 12. ஆகவே ஏதாவது ஒரு ஊர் நேரத்தை நிலையத்தின் நேரமாக வைத்துக்கொண்டு, அறிவிப்பில் மற்ற ஊர் நேரங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: அரை மணி நேரம்

24 மணி நேர நிலையம் என்ற ஆசையை விடுங்கள். வாரம் அரை மணி நேரம் போதும். உங்கள் ஊரில் சமூக வானொலி இருந்தால் முதலில் அங்கேயே அந்த அரை மணியை ஒதுக்கித் தருவார்களா என்று விசாரியுங்கள். எங்கள் ஊரில் ஓஏஆர் எஃப்எம் இருக்கிறது. மைக், உரிமம், பயிற்சி பற்றிய தலைவலி பாதி குறையும்.

கிளாஸ்கோவில் பிறந்தவரும், நாலு தலைமுறைக்கு முன் வந்தவரின் வம்சத்துப் பெண்ணும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். அவருக்குச் சாதாரணமான ஸ்காட்ஸ் மொழிச் சொல் இவளுக்குப் புரியாது. அதனால் வாரம் ஒரு சொல் வைத்தோம். 'ட்ரீக்' என்றால் தூறலும் இருட்டுமாக, மனசே நனைந்துபோகிற நாள். அந்தச் சொல்லுக்கு மட்டும் நேயர்கள் ஆளுக்கொரு மழைக்கதை அனுப்பினார்கள். ஊர்க்கதையும் எடுபடும். எங்கள் ஊர் நடுவில் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் சிலை, தேவாலயத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. முகம் மதுக்கடைப் பக்கம் என்று ஊரே கேலி பேசும்.

மூன்றாம் படி: மைக்

யுஎஸ்பி மைக் ஒன்று, ஹெட்போன் ஒன்று. துணி நிறைந்த அலமாரிப் பக்கமாக உட்காருங்கள், எதிரொலி அடங்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே ஓரமாக இருக்கட்டும். நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதும். ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

ஸ்காட்லாந்தின் காற்றுப்பை வாத்தியமான பேக்பைப் விஷயம் தனி. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் மைக் வைத்தவர்களுக்கு இது புரியும். நம் ஒத்து போல மூன்று குழல்கள் இடைவிடாமல் ஒலிக்கும், வாசிப்பவரால் சத்தத்தைக் குறைக்கவும் முடியாது. மைக்கைப் பல அடி தள்ளி வையுங்கள். பேசிப் பார்த்து ஒலி அளவு வைக்காமல், வாசிக்கச் சொல்லி வையுங்கள்.

நான்காம் படி: சர்வர்

நேயர்களுக்கு ஒலியை அனுப்பச் சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் அசூராகாஸ்ட் என்ற வானொலி மென்பொருளை நிறுவுங்கள், அது இலவசம். ஒவ்வொரு தொகுப்பாளருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்ட் கொடுங்கள். நேரலை நடுவில் அறுந்தால் அதுவே பட்டியலில் உள்ள பாட்டைப் போட்டுவிடும்.

குரலைச் சர்வருக்கு அனுப்ப, தொகுப்பாளர் கம்ப்யூட்டரில் 'பட்' என்ற இலவச மென்பொருள் வேண்டும். தேடும்போது பி-யு-டி-டி என்று எழுத்துக் கூட்டித் தேடுங்கள். அதில் சர்வர் முகவரி, போர்ட், பெயர், பாஸ்வேர்ட் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் ஒலிபரப்பு தொடங்கும்.

ஒரு கணக்கு: 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) தரத்தில் ஒரு நேயருக்கு ஒரு மணிக்குச் சுமார் 58 எம்பி செலவாகும். 40 பேர் என்றால் 2.3 ஜிபி. பேச்சு மட்டும் என்றால் 64 கேபிபிஎஸ் தாராளம்.

ஐந்தாம் படி: உரிமம்

பர்ன்ஸ் 1796-இல் இறந்தவர். அவர் வரிகளை நீங்களே படித்தால் யாரும் உரிமம் கேட்க மாட்டார்கள். ஆனால் அதே வரிகளை இன்றைய பாடகர் ஒருவர் பாடிய பதிவைப் போட்டால் உரிமம் வேண்டும். நியூசிலாந்தில் பாடல் எழுதியவர், இசையமைத்தவர் சார்பில் உரிமம் தரும் அமைப்பு ஏப்ரா ஆம்கோஸ். ஒலிப்பதிவுக்கு ரெக்கார்டட் மியூசிக் என்இசட். பிரிட்டனில் அதே வேலைகளுக்கு பிஆர்எஸ், பிபிஎல். உங்கள் நேயர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று இந்த அமைப்புகளிடம் முதலிலேயே சொல்லிக் கேளுங்கள். கையில் காசு இல்லையா? உள்ளூர் பைப் பேண்டிடம் போய் மரபு மெட்டுகளை நீங்களே பதிவு செய்து, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: முதல் நேரலை

அரை மணி முன்னதாக இணைத்து, வேறொரு போனில் கேட்டுப் பாருங்கள். சில விநாடி தாமதமாகத்தான் வரும், பதற வேண்டாம். அந்த போனை மைக்கிடமிருந்து தள்ளி வையுங்கள்.

அப்புறம், முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்க மறக்காதீர்கள். எங்கள் பெரியவர் ஒருமுறை மறந்துவிட்டார். அவர் கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும், நாயைத் திட்டியதும், பிறகு அதனிடமே மன்னிப்புக் கேட்டதும் உலகமெல்லாம் போனது. மறுநாள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார்: நிகழ்ச்சி நன்றாக இருந்தது, நாயின் பெயர் என்ன?