மணற்பாறை மேலுள்ள காட்டு மண்: ஆழத்தைக் கணக்கிடும் முறை

கன்று நடும் முன் கடப்பாரையை இறக்கிப் பாருங்கள். அரை மீட்டருக்குள் ‘ணங்’கென்று நின்றால் உடனே பாறை என்று முடிவு கட்ட வேண்டாம், தனிக்கல்லாகவும் இருக்கலாம். ஓரடி தள்ளித் தள்ளி நாலைந்து இடங்களில் குத்திப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நின்றால் அடிப்பாறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆழம் மட்டும் போதாது. தோண்டிய மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, தங்கும் கற்களின் கன அளவைக் கழியுங்கள். எடையை வைத்துப் பார்த்தால் கல்லின் பங்கு கூடுதலாகத் தெரியும். அளவுக்கோடு போட்ட வாளித் தண்ணீரில் கற்களைப் போட்டு, எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். 40 செ.மீ. ஆழத்தில் பாதி கல் என்றால், வேருக்குக் கிடைப்பது 20 செ.மீ. மண்ணுக்குச் சமம். அதுவும் பெரும்பாலும் மணல், அமிலத்தன்மை வேறு. ஈரம் சீக்கிரம் வடிந்துவிடும். சத்தில் பெரும்பங்கு மேலே கிடக்கும் இலைமக்கில்தான். அதை மட்டும் கூட்டி அள்ளிவிடாதீர்கள்.